உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

வீட்டிலேயே நோட்டுப் புத்தகங்கள் செய்து விற்கிறேன். காகிதம் மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது எல்லாம் நானேதான். மூன்று வருடமாக எந்தப் பெயரில் விற்றேனோ, அந்தப் பெயர், அதாவது என் வெப்சைட்டின் முகவரியான டொமைன், இப்போது என் கையில் இல்லை. வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

தொடக்கத்தில் வெப்சைட் வேலையைத் தெரிந்தவர் மூலம் வந்த ஒருவரிடம் கொடுத்தேன். நன்றாகவே செய்து கொடுத்தார். "டொமைன், ஹோஸ்டிங், மெயில் எல்லாம் நான் பாத்துக்கறேன் அக்கா, நீங்க தொழிலைக் கவனிங்க" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வருடா வருடம் அவர் கேட்ட தொகையை அனுப்பினேன். ரசீதும் கேட்கவில்லை, லாகினும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை பழைய கஸ்டமர் ஒருவர் போன் செய்து, சைட் திறக்கவில்லை, அனுப்பிய மெயிலும் திரும்பி வருகிறது என்றார். மெயிலும் அதே டொமைனில்தான் ஓடியது. அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது: நான் படம் போடும் பக்கங்களின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான லிங்க்கும் அந்த மெயிலுக்குத்தான் வரும். ஒரே பூட்டில் என் எல்லாக் கதவுகளும் இருந்திருக்கின்றன.

நான்கு நாள் அவர் போனை எடுக்கவில்லை. பிறகு செய்தி வந்தது: டொமைன் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும், மூன்று வருடப் பராமரிப்புக் கட்டணமும் பாக்கி. பராமரிப்பு என்ற பேச்சே அதற்கு முன் வந்ததில்லை. கையில் முடிக்க வேண்டிய ஆர்டர்கள் இருந்ததால் பாதியைக் கட்டினேன். சைட் ஒரு வாரம் திறந்தது. மறுபடி மூடிவிட்டு மீதியைக் கேட்டார்.

டொமைன்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு டாட்காம் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அங்கே பார்த்தேன். காலாவதித் தேதிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது! அவரே அணைத்து வைத்துக்கொண்டு என்னிடம் பணம் கேட்டிருக்கிறார்.

உடனே டொமைன் விற்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். டொமைனைப் பதிவு செய்தவர் அவர்தான், அவர் கணக்கைப் பற்றி உங்களிடம் பேச முடியாது என்று மரியாதையாகவே பதில் வந்தது. நான் பணம் அனுப்பிய விவரங்களைக் காட்டியும் பயனில்லை. அவர்களுக்குக் கணக்கில் இருக்கும் பெயர்தான் உரிமையாளர். ஐகானில் பெயர்த் தகராறுக்கு ஒரு வழிமுறை உண்டு, ஆனால் அது வணிகச் சின்ன உரிமை உள்ளவர்களுக்கானது. எனக்கு அது இல்லை. வழக்குப் போடலாம்தான். வீட்டு மேசையில் நடக்கும் தொழிலுக்கு அந்தச் செலவு தாங்காது.

இப்போதே பாருங்கள். லுக்கப் பக்கத்தில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும், ஆனால் விற்ற நிறுவனமும் காலாவதித் தேதியும் தெரியும். அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் சொந்த மெயில் போட்டு உங்களால் உள்ளே போக முடிகிறதா? முடியவில்லை என்றால் டொமைன் உங்கள் கையில் இல்லை. சைட் செய்தவரோடு சுமுகமாக இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். டாட்காம் போன்ற பெயர்களுக்கு, டொமைனை வேறு நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு மாற்றுவதற்கான குறியீட்டை அவர் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கணக்கில் கிடைக்கவில்லை என்றால், அவர் கேட்ட ஐந்து நாளுக்குள் நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது விதி. கேட்க வேண்டியவர் அவர்தான், அதனால்தான் சண்டை வந்த பிறகு இது நடக்காது. புதிதாக வாங்கிய டொமைனைப் பொதுவாக முதல் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, அந்தச் சாக்கை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். காலாவதி நினைவூட்டல்களும் பதிவில் உள்ள மெயிலுக்குத்தான் போகும். அந்த மெயில் உங்கள் டொமைனிலேயே இருக்கக் கூடாது.

மீதிப் பணத்தை நான் கட்டவில்லை. புதுப் பெயரை என் கணக்கில், என் கார்டில் வாங்கியிருக்கிறேன். பழைய பெயர் அச்சிட்ட 300 அட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.