பிளாஷ் கார்டன்: காகிதமா, திரையா, டிவியா?

பிளாஷ் கார்டனை இன்று புதிதாக அறிமுகம் செய்துகொள்ள விரும்புகிறவருக்கு முதல் சிக்கலே எங்கிருந்து தொடங்குவது என்பதுதான். 1934 ஜனவரி 7 அன்று அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பில் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய சித்திரக்கதை இது. அதன் பிறகு தியேட்டருக்காக வாராவாரம் வெளியான மூன்று தொடர்படங்கள், 1980இல் ஒரு பெரிய பட்ஜெட் படம், 1954இலும் 2007இலும் டிவி தொடர்கள், நடுவில் கார்ட்டூன்கள் என்று அவன் வராத இடமே இல்லை. இந்திரஜால் காமிக்ஸில் வேதாளனோடும் மாண்ட்ரேக்கோடும் நம் நாட்டுக்கும் வந்தான். எல்லாவற்றையும் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன்.

அளவுகோல் ஒன்றுதான்: பூமியிலிருந்து பிளாஷ் போய்ச் சேரும் மோங்கோ கிரகம் அதில் உயிரோடு இருக்கிறதா? மோங்கோ ஒரே நாடு கிடையாது. ஆர்போரியா என்ற காட்டு ராஜ்யம், ஃப்ரிஜியா என்ற பனி நாடு, வானத்தில் மிதக்கும் நகரத்தில் சிறகுள்ள பருந்து மனிதர்கள், கடலுக்கடியில் சுறா மனிதர்கள், சிங்க மனிதர்கள் என்று ஏகப்பட்ட கூட்டங்கள். எல்லாருக்கும் பேரரசன் மிங்கைக் கண்டு பயம். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள். பிளாஷ் கார்டன் வாள் சுழற்றுவதில் சூரன்தான். ஆனால் கதையில் அவன் செய்யும் பெரிய காரியம் வேறு. நேற்று தன்னைக் கொல்ல வந்தவனை இன்று தோழனாக்குகிறான், அவனையும் அவனுடைய பழைய எதிரியையும் ஒரே பக்கம் நிற்க வைக்கிறான். ஆர்போரியாவின் பாரின், பருந்து மனிதர்களின் அரசன் வல்டான், சிங்க மனிதன் துன் என ஒவ்வொருவராக வந்து சேர்வதுதான் எனக்குக் கதை. இதை விட்டுவிட்டு வெறும் ராக்கெட்டும் துப்பாக்கியும் காட்டினால் அது வேறு யாருடைய கதையாகவும் இருக்கலாம்.

முதலில் காகிதம். 1929இல் தொடங்கிய பக் ரோஜர்ஸ் சித்திரக்கதைக்குப் போட்டியாகத்தான் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் ரேமண்டை இதைச் செய்யச் சொன்னது. கதை எழுதுவதில் டான் மூர் கைகொடுத்தார். முதல் பக்கத்திலேயே ஒரு கிரகம் பூமியை மோத விரைந்து வருகிறது, விமானத்தில் விண்கல் மோதுகிறது, பிளாஷ் உடன் பயணித்த டேல் ஆர்டன் என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டு பாராசூட்டில் குதிக்கிறான், விஞ்ஞானி ஜார்கோவ் துப்பாக்கியைக் காட்டி இருவரையும் தன் ராக்கெட்டில் ஏற்றுகிறார். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்! இன்றைய டிவி தொடர் இதற்கு இரண்டு எபிசோடாவது எடுத்துக்கொள்ளும்.

முதல் வருட ஓவியங்களில் கட்டங்கள் சிறியவை, கோடுகளில் அவசரம் தெரியும். அதற்கு அடுத்த சில வருடங்களில்தான் ரேமண்ட் எங்கேயோ போய்விடுகிறார். கட்டங்கள் பெரிதாகின்றன. உடலின் தசையும் துணியின் மடிப்பும் தூரிகை நுனியில் மெல்லிய கோடுகளாக விழுகின்றன. பிறகு பேச்சு பலூன்களையே எடுத்துவிட்டு வசனத்தைக் கட்டத்தின் ஓரத்தில் எழுத்தாக வைத்தார். ஓவியத்துக்கு மேல் எதுவும் மிதக்காது. பலூன் இல்லாமல் போனதால் கதையின் வேகம் குறைந்தது என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பக்கங்களில் கண் நின்று நிதானமாகப் பார்க்கிறது, மோங்கோவின் காடும் கோட்டையும் அப்போதுதான் நிஜமாகின்றன.

1944இல் ரேமண்ட் இதை விட்டுவிட்டு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். போர் முடிந்து வந்ததும் 1946இல் ரிப் கிர்பி என்ற துப்பறியும் சித்திரக்கதையைத் தொடங்கினார். முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு ரிப் கிர்பியையும் அவருடைய பணியாள் டெஸ்மாண்டையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணாடி போட்ட அந்த அமைதியான துப்பறிவாளனையும் மோங்கோவின் போர்க்களங்களையும் வரைந்தது ஒரே கை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. 1956இல் கார் விபத்தில் இறந்தபோது ரேமண்டுக்கு 46 வயதுதான்.

காகிதத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். டேல் ஆர்டனுக்கு அங்கே பாதி நேரம் கடத்தப்படுவதும், மீதி நேரம் பிளாஷைப் பார்த்துப் பொறாமைப்படுவதும்தான் வேலை. மிங்கின் மகள் ஆராவுக்கு அவளைவிட எவ்வளவோ கதை இருக்கிறது. காதலுக்காக அப்பாவையே எதிர்க்கிறாள், மனம் மாறுகிறாள், பாரினை மணக்கிறாள். இன்னொன்று மிங்கின் தோற்றம். மஞ்சள் தோல், தொங்கு மீசை, சீனப் பெயர். ஆசியர்கள் மேல் அன்றைய அமெரிக்காவுக்கு இருந்த பயமும் வெறுப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. ஆசியாவில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு அது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஓவியத்தை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைத்துச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

அடுத்து 1936இன் தொடர்படம். யுனிவர்சல் தயாரிப்பு, 13 அத்தியாயங்கள், மொத்தம் சுமார் நான்கு மணி நேரம். பிளாஷாக நடித்தவர் பஸ்டர் கிராப், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அவருடைய முடியைப் பொன்னிறமாக்கி நடிக்க வைத்தார்கள். செட்டும் இசையும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பேய்ப் படங்களிலிருந்து எடுத்தவை. ராக்கெட்டின் புகை மேலே போகிறது, பல்லிகளை விட்டு ராட்சத மிருகங்கள் என்கிறார்கள், கொரில்லா உடைக்கு ஒரு கொம்பு வைத்தால் மோங்கோ விலங்கு தயார். ஆனால் கிராப் ஒரு கணம்கூட இதை விளையாட்டாக நடிக்கவில்லை. சார்லஸ் மிடில்டனின் மிங்கும் அப்படித்தான். அந்த நம்பிக்கை பார்க்கிறவருக்கும் தொற்றிக்கொள்ளும். நான்காவது அத்தியாயத்துக்கு மேல் புகை எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்ப்பதே இல்லை.

1938இலும் 1940இலும் மேலும் இரண்டு தொடர்கள் வந்தன. 1940 தொடரில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்கதை எழுத்துகளாக மேலே நகர்ந்து போகும். ஜார்ஜ் லூகாஸ் பிளாஷ் கார்டனைத்தான் படமாக்க விரும்பினார், உரிமை கிடைக்கவில்லை. அதனால் தானே ஒரு கதை எழுதினார். 1977இல் ஸ்டார் வார்ஸ் தொடங்கும்போது திரையில் நகரும் எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரியும்.

அந்த ஸ்டார் வார்ஸின் வெற்றிக்குப் பிறகு வந்ததுதான் 1980 படம். டினோ டி லாரன்டிஸ் தயாரிப்பு, மைக் ஹாட்ஜஸ் இயக்கம், குயின் குழுவின் இசை. சாம் ஜே. ஜோன்ஸ் நடித்த பிளாஷ் இதில் அமெரிக்கக் கால்பந்து வீரர். மேக்ஸ் வான் சிடோ மிங்காக வருகிறார், டிமோதி டால்டன் பாரின், பிரையன் பிளெஸ்ட் வல்டான். டானிலோ டொனாட்டியின் உடைகளும் அரங்கங்களும் தங்கமும் சிவப்புமாகக் கண்ணை நிறைக்கும். ரேமண்டின் ஞாயிறு வண்ணங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது இந்த ஒரே படம்தான் என்று துணிந்து சொல்வேன். 1936க்குக் கறுப்பு வெள்ளைதான் வாய்த்தது.

இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பருந்து மனிதர்களின் வான நகரத்தையே எடுத்துக்கொள்வோம். சித்திரக்கதையிலும் 1936இலும் பிளாஷை அடிமைகளோடு சேர்த்து உலைக்கூடத்தில் தள்ளுகிறார்கள். அந்த உலைகளின் சக்தியில்தான் நகரமே மிதக்கிறது. பிளாஷ் உலையை வெடிக்க வைக்கிறான், நகரம் விழத் தொடங்குகிறது, ஜார்கோவ் புதிய கதிர் ஒன்றைக் கண்டுபிடித்துத் தாங்கிப் பிடிக்கிறார். எதிரியாயிருந்த வல்டான் நண்பனாவது இப்படித்தான். நகரத்தை இயக்குவது யாருடைய வியர்வை என்பதும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. 1980 படத்தில் உலைக்கூடம் கிடையாது. ஆடிச் சாயும் ஒரு வட்ட மேடையில் கூர்முனைகள் எழும்ப, பிளாஷும் பாரினும் சாட்டையோடு மோதுகிறார்கள். கீழே விழப்போன பாரினை பிளாஷ் காப்பாற்றுகிறான், பாரின் மனம் மாறுகிறான். பார்க்க அபாரமான சண்டை, நட்பு பிறக்கும் இடமும் சரியாக அமைந்திருக்கிறது. ஆனால் மோங்கோவின் ஏழைகளும் அடிமைகளும் படத்திலிருந்து காணாமல் போய்விட்டார்கள். அழகில் படம் முன்னால் நிற்கிறது, கனத்தில் பழையவைதான்.

டேல் விஷயத்தில் படத்துக்கே என் ஓட்டு. மெலடி ஆண்டர்சனின் டேல் காவலர்களை அடித்து வீழ்த்தித் தானே தப்பிக்கிறாள். 46 வருடம் கழித்தாவது அவளுக்கு நியாயம் கிடைத்தது. மிங் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்வீடன்காரரான வான் சிடோ அற்புதமாக நடித்திருக்கிறார், ஆனால் வேடம் அதே பழைய வேடம்தான்.

டிவிக்கு வருவோம். 1954 தொடரைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஸ்டீவ் ஹாலண்ட் நடித்த 39 எபிசோடுகள், பெரும்பாலும் மேற்கு பெர்லினில் படமாக்கியவை. கதை நடப்பது 33ஆம் நூற்றாண்டில். மோங்கோவும் இல்லை, மிங்கும் இல்லை. பிளாஷ் இங்கே விண்வெளிப் புலனாய்வு அதிகாரி. ஒரு எபிசோடில் காலத்தில் பின்னோக்கி 1953 பெர்லினுக்கு வருகிறார்கள், போரில் இடிந்த நகரம் நிஜமாகவே திரையில் வருகிறது. அந்த ஒன்றுக்காகப் பார்க்கலாம். மற்றபடி என் அளவுகோலில் இது தேறாது.

2007 தொடரில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பழைய தொடர்படங்களுக்கு இல்லாத வசதியெல்லாம் அந்தக் காலத்து டிவிக்கு இருந்தது, ஆனால் ராக்கெட்டையே எடுத்துவிட்டார்கள். பூமிக்கும் மோங்கோவுக்கும் நடுவே திறக்கும் பிளவு வழியாகப் போய்வருகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள். வீடு திரும்ப முடியும் என்றால் மோங்கோவில் யாரோடும் நட்பு பிடித்தாக வேண்டிய கட்டாயம் ஏது? கதையின் முதுகெலும்பே போய்விட்டது. நல்ல தண்ணீரைக் கையில் வைத்து மக்களை ஆளும் மிங் என்பது அருமையான யோசனை. குடம் தூக்கி வரிசையில் நின்ற ஊர்க்காரர்களுக்கு அந்த அதிகாரம் சட்டென்று புரியும். அதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோயிருக்கலாம். ஒரே சீசனோடு தொடர் நின்றுபோனது.

டிவியில் நான் தூக்கிப் பிடிப்பது 1979இல் ஃபில்மேஷன் செய்த கார்ட்டூனை. அதன் முதல் சீசன் 16 எபிசோடுகள், மிங்கின் வீழ்ச்சி வரை ஒரே தொடர்கதை. சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்கள் அரை மணியில் கதையை முடித்துவிடும் காலம் அது. அப்போது ‘தொடரும்’ போடத் துணிந்தார்கள். காட்டு ராஜ்யம், பனி நாடு, வான நகரம், கடலடி என்று வரைபடம் முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு கூட்டத்தையும் வரிசையாக நண்பர்களாக்கி, கடைசியில் எல்லாரையும் ஒன்றுசேர்க்கிறார்கள். ஓடுவது, திரும்புவது போன்ற அசைவுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பது தெரியும், அது ஒரு குறைதான். ஆனால் ரேமண்டின் கதையை முழுசாக நம்பிச் சொன்னவர்கள் 1936க்குப் பிறகு இவர்கள்தான். இரண்டாவது சீசனில் குழந்தைகளைச் சிரிக்க வைக்க ஒரு குட்டி டிராகனைக் கொண்டுவந்தார்கள், அதோடு நான் விடைபெற்றுக்கொள்வேன்.

வேதாளன், மாண்ட்ரேக் ரசிகர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: 1986இல் வந்த ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்’ கார்ட்டூனில் பிளாஷ், வேதாளன், மாண்ட்ரேக் மூவரும் மாண்ட்ரேக்கின் தோழன் லோதரோடு சேர்ந்து ஒரே அணி. மிங்குக்கு அதில் பச்சைத் தோல். மஞ்சளை விட்டது நல்ல மாற்றம்.

சரி, எதை எடுப்பது? காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் என்றால் யோசிக்காமல் ரேமண்டின் ஞாயிறு பக்கங்களை எடுங்கள், முதல் வருடத்தின் அவசரக் கோடுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்கள் பிடிக்கும் என்றால் 1936. ஒரே மூச்சில் பார்க்காமல் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று பாருங்கள். ஒவ்வொன்றும் உயிர் போகும் ஆபத்தில் நிற்கும், அதற்காகவே வெட்டியது அது. வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க 1979 கார்ட்டூனின் முதல் சீசன். 1980 படத்தைப் பெரிய திரையில், சத்தமாகப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடவேண்டாம், ஆனால் அதையே முதலாவதாகப் பார்க்காதீர்கள். பார்த்தால் மிச்சமெல்லாம் நிறம் வெளுத்துத் தெரியும்.

இதற்கெல்லாம் நேரமில்லை, தினம் இரண்டு நிமிடம்தான் முடியும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. 2023 அக்டோபரிலிருந்து டான் ஷ்கேட் இந்தச் சித்திரக்கதையைப் புதிதாக எழுதி வரைகிறார். பாரின், ஆரா, வல்டான் எல்லாரும் இருக்கிறார்கள், டேலுக்குச் சொந்தமாகச் செய்ய வேலையும் இருக்கிறது.