கேசட் முதல் போன் வரை: ‘சிந்து பைரவி’ பாடல்களோடு இத்தனை வருஷம்

படம் வந்தது 1985-ல். கேசட்டில் ஆரம்பித்து, சிடி, பென்டிரைவ், இப்போது போன் என்று எல்லாவற்றிலும் கேட்டாகிவிட்டது. அந்த உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘சிந்து பைரவி’யைப் பிய்த்துப் பிய்த்துக் கேட்காதீர்கள். ஒரு சாயங்காலம் ஒதுக்கி, கதை போகிற போக்கிலேயே மொத்தமாகக் கேளுங்கள்.

காரணம் ஜேசுதாஸ். பாலசந்தர் காட்டிய ஜே.கே.பி. என்ற கர்நாடக வித்வான், திரையில் சிவகுமார். அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி வேலையைக் கண் செய்துவிடும். வெறும் பாட்டாகக் கேட்கும்போது அந்த மனிதனின் ஏற்றம், சறுக்கல் முழுவதையும் ஒரே குரல்தான் சுமக்கிறது. நாட்டை ராகத்தில் ‘மகா கணபதிம்’ பாடும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குரல், ‘தண்ணித்தொட்டி தேடி வந்த’ பாட்டில் தள்ளாடுகிறது. கவனித்தால் தள்ளாட்டமெல்லாம் உச்சரிப்பில்தான், சுருதி அசைவதில்லை. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்றவராயிற்றே. குடித்தாலும் வித்வான் வித்வான்தான் என்பதை நடிப்பில் காட்டுவது ஒரு விதம், தொண்டையில் காட்டுவது வேறு விதம். என் பையனுக்குத் தண்ணித்தொட்டி மட்டும்தான் பிடிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். “ரெண்டும் ஒரே ஆளாப்பா?” என்றான்.

அப்புறம், ‘பாடறியேன் படிப்பறியேன்’. சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. இசைக்காக இளையராஜாவுக்கும் நடிப்புக்காக சுஹாசினிக்கும் அதே படத்துக்கே தேசிய விருது. விருதை விடுங்கள், பாட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். நாட்டுப்புறப் பாட்டாகக் கிளம்புகிறது. வைரமுத்துவின் வரிகளும் பள்ளிக்கூடம் அறியாத பெண்ணின் பேச்சு மாதிரியே இருக்கும். போகப் போக ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கும், ‘மரி மரி நின்னே’ வந்து சேரும். தியாகராஜர் கீர்த்தனைக்கும் கிராமத்துப் பாட்டுக்கும் நடுவே ஒட்டுப் போட்ட இடம் எது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கீர்த்தனை சம்பிரதாயமாகப் பாடப்படுவது காம்போதி ராகத்தில். இங்கே இளையராஜா அதை சாரமதிக்குக் கொண்டுவந்துவிட்டார். அதனால்தான் இரண்டும் ஒரே உடம்பாகிவிடுகின்றன. பாட்டு வகுப்பு எடுத்த என் பெரியம்மா, “காம்போதியை என்னடா பண்ணியிருக்கான்?” என்று ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பார். ஆனால் டேப்பை நிறுத்தச் சொன்னதே இல்லை.

‘கலைவாணியே’ பற்றி ஒரு சேதி. கல்யாணி ராகத்தில் ஆரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் மேலே ஏறும் வரிசையை, மட்டும் வைத்தே அமைத்த பாட்டு இது. தெரியாமல் கேட்டாலும் உருக்கும். தெரிந்தபின் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள்: மாடிப்படி ஏறி, இறங்காமலே கீழ்ப்படியில் நின்று மறுபடி ஏறுவது போல, ஒவ்வொரு அடியும் கீழிருந்து மேலேதான் போகும். படிப்படியாக இறங்கும் சுகமே கிடையாது. ஒரு கெஞ்சலுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இருக்குமா என்று தெரியவில்லை. வெறும் சாமர்த்தியமாக நின்றிருக்க வேண்டியது, ஜேசுதாஸ் பாடியதால் பிரார்த்தனை ஆகிவிட்டது.

‘நானொரு சிந்து’வை நான் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை, சித்ரா அதில் அழாமல் அழ வைக்கிறார். அன்றைய மிச்ச வேலை ஓடாது. ‘பூமாலை வாங்கி வந்தான்’ அப்படியில்லை, எத்தனை முறை கேட்டாலும் தாங்கும். சோகம் அதிலும் உண்டுதான், ஆனால் பாடுகிறவன் தன்னையே கொஞ்சம் தூர நின்று பார்க்கிறான்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலிகளில் இந்தப் படத்தைத் தேடினால் பிரபலமான பாட்டு மேலே, கீர்த்தனைகள் அடியில் என்று கிடக்கும்; சில இடங்களில் சின்னக் கீர்த்தனைகள் இருக்கவே இருக்காது. நான் கதை வரிசையில் சொந்தமாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். புதுப்பித்தது என்று போட்டு வரும் சில பதிப்புகளில் பேஸ் (bass) ஒலியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். மிருதங்கம் நெஞ்சில் இடிக்கும், தம்பூரா காணாமல் போகும். கச்சேரிப் பாட்டில் தம்பூரா இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது? கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பழைய பதிவே மேல். காரில் தயவுசெய்து வேண்டாம். பைபாஸ் சத்தத்தில் முதலில் செத்துப்போவது அந்தச் சுருதிதான். சுமாரான இயர்போன் போதும், வீடு அடங்கிய பிறகு மாட்டிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க எது நல்லது என்றால், எல்லோரும் சொல்லும் ‘பாடறியேன்’ வேண்டாம், ‘மகா கணபதிம்’ போடுங்கள்.