யாரிடமும் கொடுக்க முடியாத கேமரா: ஸோர்க்கி-4உடன் ஏழு வருடம்

போன வாரம் ஸோர்க்கி சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. 3,800 ரூபாய். 2018இல் இதை வாங்கியதே 6,500க்குத்தான். அந்தக் கடுப்பு இறங்குவதற்குள் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான்: “பழைய ரஷ்யன் ரேஞ்ச்ஃபைண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஸோர்க்கியா, ஃபெட்டா, கீவா? நீதான் வச்சிருக்கியே, எப்படி இருக்கு?” (ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் வைக்கும் கேமரா.) அவனுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்து இவ்வளவு நீண்டுவிட்டது. லென்ஸ் மாட்ட 39 மி.மீ. திருகு மவுண்ட், 1 நொடியிலிருந்து 1/1000 வரை ஷட்டர் ஸ்பீடு, வெளிச்சம் அளக்க மீட்டர் கிடையாது என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்தக் கேமராவோடு இருப்பது ஒரே ஒரு சண்டை. முதலில் வைண்டு செய்ய வேண்டும், அதாவது குமிழைச் சுற்றி ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயாராக்க வேண்டும்; அப்புறம்தான் ஷட்டர் ஸ்பீடு வைக்கும் வட்டைத் தொட வேண்டும். வரிசை மாறக் கூடாது. வட்டு உள்ளே ஷட்டர் உருளையோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஷட்டர் அடித்து முடிந்ததும் அது வேறெங்கோ போய் நிற்கும். அந்த நேரத்தில் குறிக்கு எதிரே எந்த எண் நின்றாலும் அது பொய். அந்தப் பொய்யை நம்பி வட்டைத் தூக்கித் திருப்பினால், பொருந்தக் கூடாத இடத்தில் உள்ளே ஏதாவது மாட்டிக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் படம் மட்டும் பாழாகும். இல்லாவிட்டால் 3,800 ரூபாய்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருக்கும் எவரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம். எனக்கும் ஒரு மாதத்தில் கைப்பழக்கமாகிவிட்டது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் குமிழைப் பிடித்து ஒரு முழுச் சுற்று, அப்புறம் வட்டு, அப்புறம் கண். தூக்கத்தில் எழுப்பிக் கேமராவைக் கையில் கொடுத்தாலும் அதே வரிசையில்தான் செய்வேன். ஆனால் என் விரல்களுக்குத் தெரிந்தது அடுத்தவர் விரல்களுக்குத் தெரியாதே.

தங்கையின் வளைகாப்பு. வீடு நிறைய சொந்தக்காரர்கள். எல்லோரையும் எடுத்து முடித்துவிட்டேன், ரோலில் நாலைந்து படம்தான் பாக்கி. “அண்ணா, நீ ஒரு படத்துலயாவது நில்லேன்” என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். நியாயம்தான். நான் வெளிச்சம் பார்த்து, ஃபோகஸ் வைத்து, வைண்டும் செய்து சித்தப்பாவிடம் நீட்டினேன். “சித்தப்பா, இந்த பட்டன் மட்டும் அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க.”

“போடா, எனக்கே கேமரா சொல்லித் தர்றியா? நான் யாஷிகா வச்சிருந்தவன்.”

முதல் படம் சரியாக அடித்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று அவராகவே முடிவு செய்தார், அங்கேதான் வினை. ஷட்டர் அடித்து முடிந்த நிலையில் வட்டைப் பார்த்திருக்கிறார். நான் ஸ்பீடு 60, அதாவது 1/60 நொடி, வைத்திருந்தது அவருக்குத் தெரியும். குறி இப்போது 60க்கு எதிரே இல்லை. பையன் கவனிக்காமல் விட்டுவிட்டான் போல என்று நினைத்து, அக்கறையாக, வட்டைத் தூக்கித் திருப்பி 60இல் வைத்துவிட்டார். பிறகு குமிழைச் சுற்றினார். அரைச் சுற்றில் நின்றது. அழுத்திச் சுற்றினார். மடக்.

“என்னடா இது, சுத்தவே மாட்டேங்குது?”

கை நிறைய வளையலோடு தங்கை, பக்கத்தில் அம்மா, பின்னால் நான். மூவரும் சிரித்த முகம் மாறாமல் நின்றுகொண்டிருந்தோம்.

மெக்கானிக் வயதானவர். ரஷ்யன் கேமரா என்றதும் முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு மேல்மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்தார். என்ன ஆச்சு என்றோ, கீழே விழுந்ததா என்றோ கேட்கவில்லை. “யார் கையில கொடுத்தீங்க?” என்றார்.

கேமராவின் மேல் தப்பா, சித்தப்பாவின் மேல் தப்பா என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டேன். நியாயமாகச் சொன்னால் இந்தச் சுற்றும் வட்டு 1920களின் யோசனை. லைக்கா என்ற ஜெர்மன் கேமராவில் தொடங்கிய அமைப்பு அது, ஃபெட் வழியாக ஸோர்க்கிக்கு வந்தது. ஃபெட் என்ற பெயரே ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்பதன் முதலெழுத்துகள்தான். சோவியத் ரகசியப் போலீஸான செகாவைத் தொடங்கிய ஆள். அவர் பெயரில் கார்கிவில் நடந்த, பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்த கம்யூனில், வீடற்ற பிள்ளைகள் லைக்கா IIஐப் பார்த்து அதே மாதிரி செய்த கேமரா அது. போருக்குப் பிறகு மாஸ்கோ பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் அதே வடிவம் வந்தது, பெயர் மட்டும் ஸோர்க்கி. கூர்மையான பார்வையுள்ளவன் என்று பொருள். ஸோர்க்கி-4 வந்தது 1956இல். 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அத்தனை லட்சம் வீடுகளிலும் ஒரு சித்தப்பா இருந்திருப்பாரே, அவர்களெல்லாம் என்ன செய்தார்கள்?

சரி, திட்டியது போதும். இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். ஃபெட்-2இல் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பது போலிருக்கும், எல்லாம் முக்கால் அளவில் தெரியும். ஸோர்க்கி-4இல் கண்ணால் பார்க்கும் அளவும் கேமராவுக்குள் தெரியும் அளவும் ஏறக்குறைய ஒன்று. அதனால் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். வலது கண் கேமராவில், இடது கண் தெருவில். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்; தெருவின் நடுவில் மஞ்சள் படிந்த ஒரு சின்னக் கட்டம் மட்டும் மிதக்கும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரட்டை நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில் ஆற்றுகிற டீயின் கோடு இரண்டாக இருந்து ஒன்றாவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பட்டனை அமுக்காமல் விட்டதுகூட உண்டு. சைக்கிளில் வருபவர் படத்துக்குள் நுழையும் முன்பே இடது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சுகத்தை எனக்கு வேறு எந்தக் கேமராவும் தரவில்லை, விலை உயர்ந்த டிஜிட்டலும் சேர்த்துத்தான்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கண் வைக்கும் இடத்தில் வெறும் உலோக வளையம். என் பழைய மூக்குக்கண்ணாடியின் வலது பக்கம் பிறை பிறையாகக் கீறல். சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி ஒட்டிய பிறகு தொல்லையில்லை. பவர் அதிகமில்லாதவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரீவைண்டு குமிழின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் திருப்பிப் பார்வைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ஃபைண்டருக்குள் சட்டகக் கோடு எதுவும் கிடையாது. கிட்டத்திலிருந்து எடுத்தால் ஃபைண்டரில் முழுசாகத் தெரிகிற தலை ஃபிலிமில் வெட்டுப்படும். கொஞ்சம் மேலே தூக்கி எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

என்னுடையது 68இல் தொடங்கும் வரிசை எண், அதாவது 1968இல் செய்தது. லென்ஸ் ஜூபிட்டர்-8, 50 மி.மீ., f/2. ஜெர்மன் நிறுவனமான ஜெய்ஸின் ஸோனார் லென்ஸ் வடிவத்திலிருந்து வந்தது. லென்ஸின் துளையை f/4க்கு மேல் சுருக்கினால் கறாரான கூர்மை. முழுசாகத் திறந்தால் ஓரங்கள் மெத்தென்று கரையும்; வயதானவர்களின் முகத்துக்கு அதுபோல வராது. பாட்டியின் கடைசிப் படம் அதில் எடுத்ததுதான். அந்தத் துளையை மாற்றும் அபெர்ச்சர் வளையம் கிளிக் கிளிக் என்று நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஃபோகஸ் திருப்பும்போது அதுவும் கூடவே சுற்றும். எரிச்சல்தான், ஆனால் மன்னித்துவிடலாம்.

வெயிலில் லென்ஸ் மூடியைப் போடாமல் வைக்காதீர்கள். ஷட்டர் ரப்பர் பூசிய துணி. சூரியனைப் பார்த்தபடி கிடந்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் துணியைப் பொசுக்கிவிடும். வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துணியைத்தான். லென்ஸைக் கழற்றி, பின்மூடியை எடுத்துவிட்டு, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளி தெரிந்தால், வானத்தை எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது பொட்டாக வந்து உட்காரும். வைண்டு செய்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள், திரை இரண்டு இருக்கிறது. தங்க நிறத்தில், கழுகு முத்திரை குத்திய ‘போர்க்கால லைக்கா’ என்று ஒன்று மலிவாக வந்தால் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலும் அது வேஷம் போட்ட ஃபெட் அல்லது ஸோர்க்கிதான். வேஷத்துக்குத் தனி விலை.

நண்பன் கேட்ட மற்ற இரண்டுக்கு வருகிறேன். அவன் ரஷ்யன் என்கிறான், ஆனால் ஃபெட்டும் கீவும் உக்ரைனில் செய்தவை. ஃபெட்-2இன் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் 67 மி.மீ.; ஸோர்க்கி-4இல் 38தான். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் தூரம் கூடக்கூட ஃபோகஸ் துல்லியமாகும். கணக்குப்படி ஃபெட்-2தான் ஜெயிக்கிறது. அதில் மெதுவான ஸ்பீடுகளே கிடையாது, 1/25 அல்லது 1/30இலிருந்துதான் தொடக்கம். அந்தப் பற்சக்கரமெல்லாம் இல்லாததால் ரிப்பேருக்கும் சுலபம். கீவ் வேறு வம்சம். போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து வந்த, கான்டாக்ஸ் என்ற கேமராவைச் செய்யும் கருவிகளை வைத்து அர்செனல் ஆலையில் செய்தது, அடித்தளம் 90 மி.மீ., ஷட்டர் மேலும் கீழும் ஓடும் உலோகப் பட்டைகள். அழகான பொருள். ஆனால் பிடிக்கும்போது விரல் தானாகப் போய் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை மறைக்கும். அதன் ஷட்டரைப் பிரிக்க நம் மெக்கானிக் சம்மதிப்பாரா என்று கேட்டேன். அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

ஆகவே நண்பா, ஸோர்க்கி வாங்காதே. ஃபெட்-2 வாங்கு. வைண்டு செய்துவிட்டு ஸ்பீடு வைக்கும் பழக்கம் அதற்கும் நல்லதுதான், ஆனால் மாட்டிக்கொண்டால் செலவு குறைவு. வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று அடிக்கடி விசேஷம் வருமென்றால் அதுவும் வேண்டாம், ஃபோனே போதும். ரோல் விற்கிற விலைக்கும், கழுவி ஸ்கேன் செய்கிற காசுக்கும் இது தேவையா என்று உன் வீட்டில் கேட்பார்கள்; என்னிடம் பதில் இல்லை. என்னுடையதை விற்பாயா என்றும் கேட்டிருந்தாய். மாட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஸோர்க்கி-4இல் டைமர் உண்டு. முன்பக்க நெம்புகோலைக் கீழே இழுத்து, மேலே உள்ள சின்னப் பொத்தானை அமுக்கினால் கர்ரென்று ஓடி அதுவே ஷட்டரை அடிக்கும். அது இருக்கும்போது ஏன் சித்தப்பாவிடம் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். ஐம்பது வருட கிரீஸ் இறுகி, என்னுடையது எப்போதும் பாதி வழியில் நின்றுவிடும். அதனால்தான் சித்தப்பா எடுத்த அந்த ஒரு படத்தைத் தவிர, ஏழு வருடத்தில் எடுத்த எந்த ரோலிலும் நான் இல்லை. இந்தச் சர்வீஸில் அதையும் துடைத்துப் போட்டிருப்பதாக மெக்கானிக் சொன்னார்.

நேற்று குழந்தையைப் பார்க்கத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். கேமராவை அலமாரி மேல் வைத்து, வைண்டு செய்து, வட்டைத் திருப்பி, டைமரை இழுத்துவிட்டு ஓடிப்போய் அம்மா பக்கத்தில் நின்றேன். கர்ரென்ற சத்தம் பாதியில் நின்றது. யாரும் அசையவில்லை. சித்தப்பா எழுந்து, “இருடா, நான் பாக்குறேன்” என்று நேராகப் போய், ஒற்றை விரலால் நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டினார். கர்ரென்று மிச்சமும் ஓடி ஷட்டர் அடித்தது. ரோல் இன்னும் முடியவில்லை. கழுவினால் அந்தப் படத்தில் அவர் சட்டைப் பொத்தான்தான் இருக்கும்.