சர்வீஸுக்குக் கொடுத்த கணினியில் ரேமை மாற்றிவிட்டார்கள், கவனம்

கேம் விட்டு விட்டு ஓடுகிறது, பிராசசர் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்று கணினியைக் கடைக்குக் கொண்டுபோகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் கணினியின் பிராசசர் ரைசன் 5 3600. ரேம் (ஓடும் புரோகிராமின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) 8 ஜிபி வீதம் இரண்டு, 3200 வேகம். விளையாடுவது சைபர்பங்க் 2077. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்ததிலிருந்து அது பிராசசரை நன்றாகப் பிழிகிறது. கூலரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரே அப்போது சொல்லியிருந்தார். எனக்கும் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டது. இந்தப் பிராசசருக்கு அதுதான் வரம்பு. அங்கே போனதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். தூசி தட்டி, பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லி, காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெப்பம் குறைந்திருக்கிறது, திக்கல் மட்டும் முன்பைவிட மோசம். கடைக்காரரிடம் சொன்னதும், "கிராபிக்ஸ் கார்டு பத்தாதுங்க தம்பி, புதுசு போட்டுருங்க" என்று விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை, பிராசசர்தான் திணறுகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறவில்லை. இந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள கார்டைப் போட்டாலும் திக்கல் போகாது. அது தெரியாதவராக இருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். நான்கு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருந்தது. வேகம் 2400. என் இரண்டு ரேமையும் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒற்றை 16 ஜிபி ரேம் ஒன்றைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள்! மொத்தம் அதே 16 என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 3200 வேகத்தில் இரண்டு ரேம் சேர்ந்தால் நொடிக்கு 51.2 ஜிபி வரை தரவு போய்வரும். ஒற்றை 2400 ரேமில் 19.2 ஜிபிதான். போதாததற்கு, ரைசனில் ரேம் வேகம் குறைந்தால் பிராசசரின் உள் இணைப்பு வேகமும் கூடவே குறையும்.

நேரில் போய்க் கேட்டதற்கு, "நீங்க குடுத்தது 16 ஜிபி தானுங்க, உள்ள இருக்கறதும் 16 தானுங்களே" என்றார். அவர் எழுதித் தந்த ரசீதில் "சிபியு 1, சர்வீஸ்" (சிபியு என்று அவர் எழுதியது முழுக் கணினிப் பெட்டியை) என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. உள்ளே என்னென்ன இருந்தன என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி சொல்லாது.

அதனால் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, ரேம் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள். பேஸ்ட் மாற்றுவது கொஞ்ச நேர வேலை, பக்கத்திலேயே நின்று செய்து வாங்கலாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

நான் வேறு இடத்தில் 8 ஜிபி ரேம் இரண்டு வாங்கிப் போட்டு, பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்கி, கேம் செட்டிங்கில் தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியையும் குறைத்தேன். இப்போது சீராக ஓடுகிறது.

ஒன்று மட்டும்: ரேம் வேகம் குறைந்திருப்பதை மட்டும் வைத்துக் கடைக்காரரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். பயாஸ் ரீசெட் ஆனாலே எக்ஸ்எம்பி அணைந்து வேகம் இறங்கிவிடும். ஸ்லாட் எண்ணிக்கையையும் சீரியல் எண்ணையும் பாருங்கள்.