இடைத்தேர்தலா, பட்டியலில் அடுத்த ஆளா: திருகோணமலைக்கு எது நல்லது?

2024 ஜூன் 30 எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் தமிழரசுக் கட்சி எம்.பி. சம்பந்தன் ஐயா காலமானார். அடுத்த மாதமே, 2020 தேர்தலில் அவருடைய கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில், அதாவது வாக்காளர் கட்சிக்குள் தனித்தனி வேட்பாளருக்கு இடும் வாக்கில், அடுத்து நின்ற குகதாசன் அந்த ஆசனத்துக்கு வந்துவிட்டார். தமிழ்நாடாக இருந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைத்தே ஆக வேண்டும்.

ஆளுங்கட்சிக்கு எது வசதி என்று கேட்டால், சந்தேகமே இல்லை, பட்டியல்தான். ஒரு எம்.பி. போனாலும் அரசாங்கம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இடைத்தேர்தல் அப்படி விடாது. இலங்கையிலும் இடைத்தேர்தல் இருந்த காலத்தில், 1972 இல், புதிய அரசியலமைப்பை எதிர்த்துத் தமிழர் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, முடிந்தால் வென்று காட்டுங்கள் என்று அரசுக்குச் சவால் விட்டார். அரசு இரண்டு வருசத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் தேர்தலை வைத்தது, அவர் 16 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒரே ஒரு தொகுதி, ஆனால் தமிழர் அந்த அரசியலமைப்பை ஏற்கவில்லை என்பதை அதற்குப் பிறகு கொழும்பில் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. 2017 இல் ஆர்.கே.நகரில் ஆளும் அ.தி.மு.க.வைச் சுயேச்சையாக நின்ற தினகரன் தோற்கடித்ததும் இந்த வகைதான். ஆனால் தமிழ்நாட்டில் அது அபூர்வம். அமைச்சர்களும் பணமும் ஒரே தொகுதியில் வந்து இறங்கினால் பெரும்பாலும் ஆளுங்கட்சிதான் வெல்லும்.

சரி, அப்படியானால் எங்களுக்கும் இடைத்தேர்தல் வேண்டும் என்று கேட்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. 2020 இல் இந்த மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, பொதுஜன பெரமுனவுக்கு 1, தமிழரசுக்கு 1. காலியான ஒரு ஆசனத்துக்கு மாவட்டம் முழுக்கச் சேர்ந்து வாக்களித்திருந்தால் முதலாவதாக வந்த கட்சி அதை அள்ளிக்கொண்டு போயிருக்கும், மூன்றாவதாக வந்த தமிழரசு எங்கே நிற்பது? மூன்று இனமும் கலந்து வாழும் எங்கள் மாவட்டத்தில் கட்சிகளின் வாக்கு விகிதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசாரம் தந்த ஆசனத்தை விகிதாசாரமே நிரப்புவதுதான் நியாயம்.

ஆனால் அரசாங்கத்துக்கு இடையில் ஒரு பரீட்சை இருக்கத்தான் வேண்டும். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 61 வீதம் எடுத்து ஆட்சி அமைத்த தேசிய மக்கள் சக்தி, அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீதத்துக்கு இறங்கியது. அப்படியொரு தேர்தல் வராமல் அந்தச் சரிவு எப்படித் தெரிந்திருக்கும்? எங்கள் மாகாணத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது மாகாண சபைத் தேர்தல். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு ஜனாதிபதிகள் மாறி மாறி வந்தும் ஆளுநர் ஆட்சிதான். கேட்பதென்றால் முதலில் அந்தத் தேர்தலைக் கேட்போம்.