யுஎஃப்ஓ 202, ஒடாசிற்றி, என்விடிஏ: பழைய கசெற்றையும் இசைத்தட்டையும் காதை நம்பிக் கணினியில் ஏற்ற

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீடுகளில் பிஸ்கட் ரின்னுக்குள்ளும் அலுமாரி மேல்தட்டிலும் கிடக்கும் கசெற்றுகளில் எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒலிகள் இருக்கின்றன. விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து, கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல், றபான் அடித்துப் பாடிய பைத்து, மத்திய கிழக்கில் வேலைக்குப் போன மகள் தாய்க்கு அனுப்பிய குரல் கடிதம். இவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைப் பார்வையற்ற ஒருவர் தனியாகத் தொடங்கித் தனியாகவே முடிக்கலாம். அதற்குப் பொருந்தும் ஒரு சேர்மானத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு: பெரிங்கர் யுஎஃப்ஓ 202 என்ற சிறிய யூஎஸ்பி ஒலிப்பெட்டி, ஒலியைப் பதிந்து வெட்டும் ஒடாசிற்றி மென்பொருள், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான். மென்பொருள் இரண்டும் இலவசம். காசு போவது பெட்டிக்கும் வயருக்கும்தான்.

முதலில் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும் இலேசான பிளாஸ்டிக். தனி ட்ரைவர் தேவையில்லை, செருகியவுடன் விண்டோஸ் கண்டுகொள்ளும். இசைத்தட்டுச் சுழலியை நேரடியாக இணைக்க, அதன் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ முன்பெருக்கியும், உறுமலைத் தடுக்கும் நில வயர் மாட்டும் திருகும் உண்டு. இந்த இரண்டுக்காகத்தான் இதை வாங்க வேண்டும். கசெற் மட்டுமே இருக்கிறவருக்கு இதே நிறுவனத்தின் யுசிஏ 202 போதும், அதில் ஃபோனோ இல்லை. இரண்டும் 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரை பதியும். கசெற்றில் உரத்த ஒலிக்கும் நாடா இரைச்சலுக்கும் இடையே சுமார் 50 முதல் 60 டெசிபெல் இடைவெளிதான் உண்டு. 16 பிட்டில் 96 டெசிபெல் அடங்கும். ஆகவே வீட்டுத் தேவைக்கு இது தாராளம். ஒலி ஆவணக் காப்பகங்கள் 24 பிட்டைக் கேட்கும். நூலக நிறுவனத்தின் இணைய ஆவணக் களஞ்சியமான ஆவணகம் போன்ற இடத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் 24 பிட் பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஃபோனோ (சுழலிக்கு), லைன் (கசெற் பிளேயருக்கு) என்ற சிறு சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தடவிப் பார்த்தால் தெரியாது. காது சொல்லிவிடும். ஃபோனோவில் கசெற் பிளேயரைப் போட்டால் சத்தம் வெடித்து, அடித்தொனி பொங்கி, பேச்சே விளங்காது. லைனில் சுழலியைப் போட்டால் ஈ இரைவது போல மெலிந்த சத்தம்தான் வரும். சரியான பக்கத்தைக் கண்டதும் ஒரு துண்டு ரேப் ஒட்டி வையுங்கள்.

கசெற் வடிவில் கையடக்கமாக விற்கும் மலிவு யூஎஸ்பி பிளேயர்களை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அவற்றின் மோட்டார் நிலையான வேகத்தில் ஓடாது, நீட்டிப் பாடிய சுரம் அலையும். அந்த அலைவைப் பின்னர் மென்பொருளால் நேராக்குவது கடினம். வீட்டில் உள்ள பழைய டெக் (ஸ்பீக்கர் இல்லாமல் அம்ப்ளிஃபையரோடு இணைக்கும் கசெற் கருவி), அதுவும் இல்லாவிட்டால் நல்ல நிலையில் உள்ள ரேடியோ கசெற், இவைதான் மேல்.

இனித் திரைவாசிப்பான் பாவிப்பவரை மட்டும் தாக்கும் சிக்கல். பெட்டியைச் செருகியதும் விண்டோஸ் பல வேளைகளில் அதையே ஒலி வெளியேறும் வழியாக மாற்றிவிடும். மடிக்கணினி ஸ்பீக்கர் ஊமையாகும், என்விடிஏயின் குரல் பெட்டியின் இயர்போன் துளைக்குள் போய்விடும். கணினி நின்றுவிட்டதென்று பயந்து பவர் பட்டனை அழுத்த வேண்டாம். பெட்டியைக் கழற்றினால் குரல் திரும்பும். பிறகு என்விடிஏ விசையுடன் கொன்ட்ரோல், யு அழுத்தி ஒலி அமைப்பைத் திறந்து, வெளியீட்டுச் சாதனமாக மடிக்கணினி ஸ்பீக்கரைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யுங்கள். "இயல்புநிலைச் சாதனம்" என்று விட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். இதைச் செய்தபின் என்விடிஏ ஸ்பீக்கரிலும் கசெற் பெட்டியின் இயர்போனிலும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு காதில் இயர்போன், மறு காது திறந்தபடி: இந்த வேலைக்கு இதைவிட வசதி இல்லை.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தி எம், எம், எஸ், வை, எஸ், புள்ளி, சி, பி, எல் என்று தட்டினால் பழைய ஒலிப் பெட்டகம் திறக்கும். கொன்ட்ரோல், டாப் அழுத்திப் பதிவுப் பக்கத்துக்குப் போனால் பெட்டி "மைக்ரோஃபோன், யூஎஸ்பி ஓடியோ கோடெக்" என்ற பெயரில் நிற்கும். அதன் பண்புகளில் உயர்நிலைப் பக்கத்தில் 2 சனல், 16 பிட், 48000 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். மைக்ரோஃபோன் என்று நினைத்து விண்டோஸ் அதை 1 சனலில் வைத்திருப்பதுண்டு. அப்படியே பதிந்தால் ஸ்டீரியோ போய்விடும். ஒடாசிற்றியில் ஷிஃப்ட், எச் அழுத்தி ஒலி அமைப்பையும், ஷிஃப்ட், ஐ அழுத்திப் பதிவுச் சாதனத்தையும், ஷிஃப்ட், என் அழுத்திச் சனல் எண்ணிக்கையையும் தெரிவு செய்யலாம். பதிவில் கசெற்றுக்குப் பதிலாக என்விடிஏயின் குரல் ஏறியிருந்தால் பதிவுச் சாதனத்தில் "லூப்பேக்" (கணினியில் ஒலிப்பதையே பதிவது) என்று முடியும் ஒன்று தெரிவாகியிருக்கிறது. முழுப் பதிவும் மௌனமாக இருந்தால், விண்டோஸ் தனியுரிமை அமைப்பில் டெஸ்க்டொப் செயலிகளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணினிப் பக்கம் ஒரு முறை அமைத்தால் போதும். நாடாவைத்தான் ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும்.

நமது உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்கு அது நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. மூக்குக்குப் புழுங்கிய துணி வாடை. அந்த வாடை வந்தால் அந்தக் கசெற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், பிளேயரிலும் போடாதீர்கள். நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சணம் அடுத்த கசெற்றுக்கும் போகும், சுவாசத்துக்கும் கெடுதி. 2004 சுனாமித் தண்ணீரில் ஊறிய கசெற் என்றால் உள்ளே உப்புப் படிகம் இருக்கும். ஓட்டினால் அது நாடாவைக் கீறும், அனுபவமுள்ளவர் திறந்து காய்ச்சி வடித்த நீரில் கழுவிக் காயவைக்கும் வரை தொடவேண்டாம். நல்ல கசெற்றாக இருந்தாலும் நாடாவின் இழுவிசை சமமாக, முதலில் ஒருமுறை முழுதாக முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டுங்கள்.

விரலால் மூன்றைப் பார்க்கலாம். கசெற்றின் மேல் விளிம்பில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிரே, இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிப் பதிவுப் பட்டனை அழுத்தினாலும் அழியாது. கீழ் விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெத்தென்ற சிறு அணை இருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கி, வந்து வந்து போகும். மூன்றாவது, கசெற்றின் வெளி ஓட்டில் திருகாணிக் குழிகள். ஐந்து தட்டுப்பட்டால் திறந்து நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றலாம். குழி இல்லாதது ஒட்டிய ஓடு, அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிளேயரின் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடையுங்கள். இறப்பர் உருளைக்கு அல்ககோல் ஆகாது, காய்ந்து வெடிக்கும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் ஒரு துளி. அடுத்தது அசிமத். வேறு பிளேயரில் பதிந்த கசெற் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் கோணம் பொருந்தவில்லை என்று பொருள். ஹெட்டின் இரு பக்கத் திருகாணிகளில் ஸ்பிரிங் உள்ளதை, கசெற் ஓடும்போதே, சிறு சிறு அளவாகத் திருப்புங்கள். சல்லரி என்ற கைத்தாளத்தின் கிணுங்கலும் "ச", "ஸ" ஒலிகளும் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். முழுதும் காது வேலை. நல்ல காதுள்ளவர் இதைக் கண்ணுள்ளவரைவிட வேகமாக முடிப்பார்.

சத்த அளவுக்கு வருவோம். இந்தப் பெட்டியின் பெரிய குறை, உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லாதது. டெக்கின் லைன் வெளியீட்டிலிருந்து எடுத்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. ரேடியோ கசெற்றின் இயர்போன் துளையிலிருந்து எடுக்கிறவர் சத்தக் குமிழை மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, பேஸ் கூட்டும் பட்டனை அணைத்து, சோதித்துப் பார்க்க வேண்டும். கூத்தில், அதைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரலைவிட மத்தள அடி பல மடங்கு உரத்தது. குரலுக்கு அளவு வைத்தால் மத்தளம் நுனி வெட்டுப்பட்டு உடையும், உடைந்தது திரும்பாது. ஆகவே கசெற்றில், பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் போன்ற உரத்த இடத்தைத் தேடி 2 நிமிடம் பதிந்து, கொன்ட்ரோல், ஏ அழுத்தி, எஃபெக்ட் மெனுவில் அம்ப்ளிஃபையைத் திறவுங்கள். என்விடிஏ ஓர் எண்ணை வாசிக்கும். 7 என்றால் உச்சம், வெட்டுப்படும் எல்லையான பூச்சியத்துக்கு 7 டெசிபெல் கீழே நிற்கிறது. 6க்கும் 12க்கும் இடையில் வந்தால் நல்லது. 0 என்றால் வெட்டுப்பட்டுவிட்டது, குமிழைக் குறைத்து மறுபடி பதியுங்கள். எஸ்கேப் அழுத்தி வெளியேறினால் எதுவும் மாறாது. அசையும் மீற்றரைத் திரையில் தேடுவதைவிட இந்த எண் நம்பகமானது.

பதியும்போது ஆர் விசை தொடங்கும், ஸ்பேஸ் நிறுத்தும். ஆர் முந்திய பதிவின் தொடர்ச்சியாகப் போகும். புதிய தடம் வேண்டுமானால் ஷிஃப்ட், ஆர். உண்மையில் ஓடுகிறதா என்று என்விடிஏ விசையும் எண்டும் அழுத்தி நிலைப்பட்டியைக் கேளுங்கள், மடிக்கணினி அமைப்பில் ஷிஃப்டும் சேரும். பதிவு நடப்பதையும் வட்டில் இன்னும் எவ்வளவு நேரத்துக்கு இடம் உண்டு என்பதையும் சொல்லும். சி 90 கசெற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம், நாடா சற்று நீளமாகவே இருக்கும். ஷிஃப்ட், டி (T) அழுத்தி 48 நிமிடக் கெடுவைத்துவிட்டால் தானே நிற்கும். ஒலியின்போது மட்டும் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பாட்டின் இடைநிறுத்தங்களைத் தின்னும். குரல் கடிதத்தில் அழுகைக்கு முன்வரும் மௌனத்தையும் தின்னும்.

தொடர்ந்த உறுமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். இது நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் நில இணைப்பு வழியே சுற்றி வருவது. சுழலியில் உறுமல் என்றால் நில வயர் திருகில் மாட்டப்படவில்லை. ஸ்டீரியோவாகப் பதிந்த மொனோ கசெற்றில் இரு சனலையும் தனித்தனியே கேட்டு நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஓரம் தேய்ந்தால் ஒரு சனல் மட்டும் மங்கும்.

பாட்டுகளைப் பிரிக்க, கேட்டுக்கொண்டே கொன்ட்ரோல், எம் அழுத்தினால் அந்த இடத்தில் லேபல் விழும். பெயர் தட்டி என்ரர் அழுத்துங்கள், ஒலி நிற்காது. கை அழுத்தும் நேரத்தில் அரைச் செக்கன் கடந்திருக்கும் என்பதால், கொமா விசையால் 1 செக்கன் பின்னே போய் அழுத்துவது நல்லது. ஒல்ட்டுடன் வல அம்பு அடுத்த லேபலுக்குக் கொண்டுபோகும். வெட்டும் இடம் சரியா என்று சோதிக்க சி விசை: தெரிவு செய்த பகுதி இல்லாவிட்டால் எப்படிக் கேட்கும் என்று அது வாசித்துக் காட்டும். வெட்டும் முன்பே வெட்டியதைக் கேட்கலாம். இதற்காகவே ஒடாசிற்றிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இரைச்சல் நீக்கத்தில் பலர் அளவு மீறுகிறார்கள். சல்லரியின் உலோக ஒலி நாடா இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. 12 டெசிபெல் குறைத்தால் இரைச்சலோடு சல்லரியும் தண்ணீருக்குள் அமுங்கியது போலாகும். 6க்கு மேல் போகாதீர்கள், அதுவும் பிரதியில் மட்டும். கீறல் நீக்கும் கிளிக் ரிமூவலையும் கூத்துப் பதிவில் பாவிக்க வேண்டாம். மத்தள அடியின் முனையை அது கீறல் என்று நினைக்கும்.

இசைத்தட்டுக்குச் சில சொற்கள். கனமாக, வளையாமல், தட்டினால் பீங்கான் போலக் கேட்பது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும், பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். இதில் அல்ககோல் பட்டால் அரக்குக் கரையும், ஆகவே காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் மட்டும். பிந்திய பிளாஸ்டிக் தட்டுக்கான வைனல் ஊசி 78 பள்ளத்தின் அடியில் உரசிக் கரகரக்கும், அகலமான தனி ஊசி வேண்டும். சுழலியில் 78 வேகம் இல்லாவிட்டால் 45இல் பதிந்து, வேகமும் சுருதியும் மாற்றும் எஃபெக்டில் 45இலிருந்து 78 என்று தெரிவு செய்யலாம். கேட்கப் போதும், ஆனால் தொனிச் சமநிலை சற்று விலகியிருக்கும்.

சேமிப்பில், தொடாத முதற்பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி, ஒரு சி 90க்கு ஏறத்தாழ 1 ஜிபி. உறவினருக்கு அனுப்ப எம்பி3. கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ அழுத்தி, லேபல்படி பல கோப்புகளாக என்று தெரிவு செய்தால் எல்லாம் ஒரே தடவையில் பிரியும். பெயரின் முன்னால் 01, 02 என்று இடுங்கள், இல்லாவிட்டால் ஃபோனில் கூத்தின் முடிவு முதலில் ஓடும். கசெற் அட்டையில் உள்ள கையெழுத்தைத் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது. வீட்டில் ஒருவரிடமோ பார்வையற்றவருக்குக் கமரா வழியே உதவும் பி மை ஐஸ் செயலியில் தமிழ் தெரிந்த தொண்டரிடமோ கேட்டு, பாடியவர், ஊர், ஆண்டு மூன்றையும் அன்றைக்கே கோப்போடு எழுதுங்கள். தனித்தனி வட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கல்லடியிலோ கல்முனையிலோ உங்கள் வீட்டில் வைத்தால், மற்றதைக் கடலிலிருந்து தள்ளிச் செங்கலடிப் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.