கைண்ட் ஆஃப் ப்ளூவா, ஃபியூனரலா: முதலில் எது?

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பாட்டுப் பிரியர்கள் ஜாஸும் இண்டி ராக்கும் (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக் இசை) எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், நான் சொல்வது இந்த இரண்டு ஆல்பங்களைத்தான்.

என் ஓட்டு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு. 1959-இல் நியூயார்க்கில் இரண்டே நாளில் பதிவானது, மொத்தம் ஐந்தே உருப்படிகள். 'ஸோ வாட்' கேளுங்கள். பால் சேம்பர்ஸின் பாஸ் (தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் தந்தி வாத்தியம்) ஒரு வரியில் கேள்வி கேட்கும். மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்லும். அதன் சுர வரிசை நம் கரகரப்பிரியாவேதான்! நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் அரைச் சுரம் மேலேறித் திரும்பும். கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு ஜாஸ் அந்நியமாகவே இருக்காது.

ஆர்கேட் ஃபயரின் 'ஃபியூனரல்' (2004) வேறு ரகம். கனடாவின் மாண்ட்ரியால் நகர இண்டி ராக் குழு. பதிவு நடந்த சமயத்தில் அவர்கள் குடும்பங்களில் அடுத்தடுத்து மரணங்கள், 'இறுதிச் சடங்கு' என்ற பெயரே அதனால்தான். 'வேக் அப்' பாட்டில் துக்கத்தைக் கூட்டமாகப் பாடித் தீர்க்கிறார்கள், சிலிர்த்துவிடும்.

தனுஷ்கோடி சாலைக் காற்றில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வரும் பில் எவான்ஸின் மென்மையான பியானோ காணாமல் போய்விடும். அங்கே ஃபியூனரல்தான் சரி. மைல்ஸை ராத்திரி வீட்டில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்புறம், ஃபியூனரலைப் பாட்டு பாட்டாகப் பிரிக்காமல் வரிசையாகவே போடுங்கள்.